பூநாரை வந்துட்டா ஏரி நல்லாயிடுச்சுன்னு அர்த்தமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாள் முன்னாடி உங்க பேப்பர் வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, பள்ளிக்கரணையில பூநாரை கூட்டமா நிக்குது, சதுப்புநிலம் பொழைச்சுக்கிச்சு, இனிமே கவலையில்லன்னு. அவரோட சந்தோஷத்துல நானும் பங்கு எடுத்துக்கறேன், 2022ல அந்த எடத்துக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம், கெடைச்சப்ப இங்க கேப் டவுன்ல எங்க வீட்லயும் எல்லாரும் அதப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தோம். ஆனா பறவை வந்துருச்சுங்கறத மட்டும் வச்சு எடம் நல்லா இருக்குன்னு முடிவு பண்றது எனக்கு சரியா படல. தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல பல வருஷம் வேலை பாத்தவ நான், எங்க ஊர்லயும் இதே பேச்சு ஓடிட்டு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நாங்க இருக்கறது கேப் டவுன்ல ரைலண்ட்ஸ் பக்கம். இங்க தமிழ்க் குடும்பங்க டர்பன் அளவுக்கு இல்லைன்னாலும் கோயில், வார லீவுல தமிழ் கிளாஸ்னு ஒரு சின்ன கூட்டம் இருக்கு, 1860க்கு அப்புறம் நேட்டாலுக்கு கப்பல்ல வந்தவங்களோட பேரப்புள்ளைங்க வேலைக்காக இங்க வந்து தங்கினது பாதி, என்ன மாதிரி பின்னாடி தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க பாதி. எங்க வீட்ல இருந்து தெக்கால கார்ல போனா கொஞ்ச நேரத்துல ஸ்ட்ராண்ட்ஃபொன்டெய்ன் வந்துரும், அங்க கேப் ஃப்ளாட்ஸ் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு, நகரத்துலயே பெரிய நிலையங்கள்ல அது ஒண்ணு. அத ஒட்டி 300 ஹெக்டேருக்கு மேல குளம் குளமா வெட்டி விட்ருக்காங்க, குளத்துக்கு நடுவுல கரை மேல மண் ரோடு, கார விட்டு எறங்காமயே பறவை பாக்கலாம். பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நாமக்கோழி, முக்குளிப்பான், அப்பறம் கேப் ஷவலர், கேப் டீல்னு இந்த நாட்டு வாத்து வகைங்க, நாணலுக்கு மேல தாழப் பறந்து எலி தேடற பூனைப்பருந்து. பக்கத்துல இருக்கற சீக்கூஃப்ளே, ரோண்டஃப்ளே ரெண்டு ஏரியையும் இந்தக் குளங்களையும் சேத்துதான் ஃபால்ஸ் பே இயற்கை காப்பகம், 2015ல அதுவும் ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு, மொத்தம் சுமார் 1,540 ஹெக்டேர். 200க்கு மேல பறவை இனம் பாத்திருக்காங்க. இதெல்லாம் ஒரு பெரிய நகரத்தோட கக்கூஸ் தண்ணி வந்து சேர்ற எடத்துல நடக்குது, அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

கோயில் கிளாஸ் பசங்கள அங்க கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு பையன் கேட்டான், "ஆன்ட்டி, இது அழுக்குத் தண்ணின்னா பறவைங்க ஏன் இங்க வருது, அதுங்களுக்கு நாத்தம் தெரியாதா?" நல்ல கேள்வி, பெரியவங்க யாரும் கேக்காத கேள்வி. அவனுக்கு சொன்ன பதிலத்தான் உங்க வாசகர்களுக்கும் சொல்லப் போறேன்.

பறவை வர்றது சாப்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும். கழிவுநீர்ல நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஜாஸ்தி, வயலுக்கு நாம போடற உரத்துல இருக்கறதும் அதேதான். அதத் தின்னு பாசி வளருது, பாசியத் தின்னு டாஃப்னியா மாதிரி பொடி ஜீவன்ங்க பெருகுது, அடி சேத்துல கைரோனோமிட் பூச்சியோட சிவப்புப் புழு லட்சக்கணக்குல கெடக்குது, அதத் தின்ன வாத்தும் உள்ளானும் வருது. அது தவிர, சுத்தி இருக்கற ஊருல வேற ஈரநிலம் எதையும் நாம மிச்சம் வைக்கல, கேப் ஃப்ளாட்ஸ்ங்கற இந்த சமவெளி முழுக்க ஒரு காலத்துல மழைக்காலத்துல தண்ணி தேங்கற பள்ளமும் மணல்மேடுமா இருந்த பூமி, இப்ப அங்க பூரா வீடு. அதனால பறவை இங்க வருதுன்னா இந்த எடம் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இருக்கலாம், போக வேற போக்கிடம் இல்லைன்னும் அர்த்தம் இருக்கலாம். தலைய எண்ணினா மட்டும் ரெண்டுல எதுன்னு தெரியாது. கூட்டமா வந்து முட்டை பொரிக்காம போனா, இல்ல பொரிச்ச குஞ்சு பொழைக்காம போனா, அது வீடு இல்ல, பொறி. இத ஆராய்ச்சி பண்றவங்க சூழலியல் பொறின்னே சொல்றாங்க.

பொறின்னு நான் சும்மா பயமுறுத்தல. கலிஃபோர்னியாவுல கெஸ்டர்சன்னு ஒரு எடம், வயல்ல இருந்து வடிஞ்சு வர்ற தண்ணிய குளங்கள்ல விட்டாங்க, அது பேருக்கு வனவிலங்கு சரணாலயம் வேற, வாத்தும் நாமக்கோழியும் கூட்டமா வந்து கூடு கட்டுச்சு. 1983ல போய் முட்டைய உடைச்சுப் பாத்தா உள்ள கண்ணு இல்லாத, அலகு கோணின, கால் இல்லாத குஞ்சுங்க. காரணம் செலினியம், மண்ணுல இருந்து கரைஞ்சு வந்து குளத்துல சேந்து பூச்சி வழியா பறவை ஒடம்புல ஏறிருச்சு. அது சாக்கடைத் தண்ணி இல்ல, வயல் வடிகால் தண்ணிதான், ஒத்துக்கறேன். ஆனா தூரத்துல இருந்து பைனாகுலர்ல பாத்தவங்களுக்கு அந்தக் குளங்களும் ஸ்ட்ராண்ட்ஃபொன்டெய்ன் மாதிரியேதான் அழகா தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் 1990கள் ஆரம்பத்துல அமெரிக்க சுற்றுச்சூழல் துறை, இபிஏன்னு சொல்வாங்களே, அவங்க மிசிசிப்பி, ஃப்ளோரிடா, அப்பறம் வறண்ட மேற்கு மாநிலங்கள்ல கழிவுநீர் சுத்திகரிக்கற ஈரநிலங்கள் சிலத எடுத்து, இது காட்டுயிருக்கு எந்த அளவுக்கு ஒத்த எடம்னு ஒரு முன்னோட்ட ஆய்வு பண்ணாங்க. எனக்கு அதுல புடிச்சது அவங்க பறவையோட நிறுத்திக்கல. என்ன செடி எவ்வளவு எடத்துல இருக்கு, தண்ணியில என்னென்ன பூச்சி புழு, குளத்தோட வடிவம் எப்படி, கரை எவ்வளவு வளைஞ்சு நெளிஞ்சு போகுது, தண்ணியில விஷத்தன்மை இருக்கான்னு எல்லாத்தையும் சேத்துப் பாத்தாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த மாதிரி ஒரு முழுப் பரிசோதனை சாதாரண ஜனங்க படிக்கற மாதிரி வருஷா வருஷம் வெளிய வரணும்னு நான் எதிர்பாக்கறது தப்பான்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப என் லேப் வேலை சம்பந்தப்பட்ட ஒண்ணு சொல்றேன், இது கொஞ்சம் கெமிஸ்ட்ரி, பொறுத்துக்கோங்க. தென்னாப்பிரிக்காவுல சுத்திகரிச்ச தண்ணிய வெளிய விட ஒரு பொது வரம்பு இருக்கு, அம்மோனியா லிட்டருக்கு 6 மில்லிகிராம் நைட்ரஜன் வரை, மலக்கிருமி 100 மில்லிக்கு 1,000 வரை, இப்படி. இது மனுஷன் ஆரோக்கியத்துக்கும் ஆத்துக்கும் வச்ச கணக்கு. ஆனா அம்மோனியா தண்ணியில ரெண்டு ரூபத்துல இருக்கும், ஒண்ணு அவ்வளவா கெடுதல் பண்ணாத அம்மோனியம், இன்னொண்ணு மீனோட செவுள் வழியா உள்ள போய் கொல்ற தனி அம்மோனியா. எது எவ்வளவுங்கறத முடிவு பண்றது தண்ணியோட பிஎச்சும் (அமிலமா காரமாங்கற அளவு) வெப்பமும். 25 டிகிரியில பிஎச் 7ன்னா கெடுதலான ரூபம் ஒரு சதவீதம் கூட இல்ல, அதே தண்ணி பிஎச் 9க்குப் போச்சுன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த ரூபமா மாறிரும். பாசி புடிச்ச குளத்துல வெயில் நாள்ல மத்தியானம் பாசி தண்ணியில இருக்கற கரியமில வாயுவ உறிஞ்சறதால பிஎச் 9ஐத் தாண்டறது சர்வ சாதாரணம். அப்ப சட்டப்படி பாஸான அதே 6 மில்லிகிராம் தண்ணி, குளத்துல நின்னு ரெண்டு மணி வெயில் பட்டதும் மீன் குஞ்சுக்கும் தலைப்பிரட்டைக்கும் விஷம். ராத்திரி வந்தா வேற பிரச்சினை, பாசி ஆக்சிஜன் விடறத நிறுத்திரும், ஆனா தன் மூச்சுக்கு ஆக்சிஜன் எடுக்கறத நிறுத்தாது, விடியற நேரத்துல தண்ணியில ஆக்சிஜன் அடியோட கொறஞ்சு போகும். காலையில ஒம்பது மணிக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்பினா இது ரெண்டுமே அதுல தெரியாது. மத்தியானமும் விடியக்காலையும் எடுக்கணும், அதுவும் குழாய் வாயில இல்ல, குளத்துக்குள்ள.

தலைப்பிரட்டைன்னு ஏன் சொல்றேன்னா இந்தப் பக்கம் வெஸ்டர்ன் லெப்பர்ட் டோட்னு ஒரு தேரை இருக்கு, முதுகுல சிறுத்தை மாதிரி புள்ளி, உலகத்துலயே கேப் பகுதியில மட்டும்தான் இருக்கு, அழிவு அபாயப் பட்டியல்ல இருக்கற ஜீவன். குளிர்காலம் முடியற ஆகஸ்ட் மாசத்துல ராத்திரி மழையில அதுங்க கூட்டமா முட்டை போட ஏரிக்கும் குளத்துக்கும் ரோட்டக் கடந்து போகும், இங்க ஜனங்க டார்ச் லைட்டும் பக்கெட்டும் எடுத்துட்டுப் போய் கார்ல அடிபடாம தூக்கி அந்தப் பக்கம் விடுவாங்க, வெள்ளக்காரங்க, கலர்ட்னு இங்க சொல்ற கலப்பின ஜனங்க, நம்ம ஆளுங்க எல்லாரும் சேந்து. அவ்வளவு பாடுபட்டு அந்தப் பக்கம் விடற தேரை எந்தத் தண்ணியில முட்டை போடுதுன்னும் பாக்கணும் இல்லையா.

வாத்துல மக்கோவா வாத்துன்னு ஒண்ணு, ஆண் வாத்துக்கு அலகு பளிச்சுனு நீலம், வால விறைப்பா தூக்கி வச்சுக்கும், ஸ்ட்ராண்ட்ஃபொன்டெய்ன்ல அதப் பாக்கவே வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வருவாங்க. அதுவும் அழிவு அபாயத்துல இருக்கற இனம். அது முங்கி அடி சேத்த அலசி புழுவத் தின்னும். கழிவுநீர்ல வர்ற துத்தநாகம், தாமிரம், காட்மியம் எல்லாம் கடைசியா போய் உக்கார்றது அந்த அடி சேத்துலதான். மேல நிக்கற தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் இந்த வாத்துக்கு அதனால பிரயோஜனம் இல்ல, சேத்த எடுத்து டெஸ்ட் பண்ணாதான் அதோட சாப்பாட்டுத் தட்டுல என்ன இருக்குன்னு தெரியும்.

மருந்து விஷயம் இன்னும் மோசம். நாம முழுங்கற மாத்திரையில ஒரு பகுதி ஒடம்பு வழியா அப்படியே வெளிய வந்து சாக்கடைக்குப் போகுது, சுத்திகரிப்பு நிலையம் கட்டினப்ப அத எடுக்கணும்னு யாரும் நெனச்சுக் கட்டல. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக விஞ்ஞானிங்க கால்க் பே துறைமுகத்துல புடிச்ச மீனுக்குள்ள டைக்ளோஃபினாக் உட்பட பல மருந்தோட தடயத்தக் கண்டுபுடிச்சு 2019ல எழுதியிருந்தாங்க. டைக்ளோஃபினாக்ன்னா ஒரு வலி மருந்து, நம்ம ஊர்ல பிணந்தின்னிக் கழுகு இனத்தையே கிட்டத்தட்ட காலி பண்ணது அதுதான், மாட்டுக்குப் போட்ட ஊசி, மாடு செத்து அதத் தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கிட்னி போய் செத்து விழுந்துச்சு, 2006ல இந்தியாவுல கால்நடைக்கு அதத் தடை பண்ணாங்க. இங்க மீன்ல இருக்கற அளவு அப்படிப்பட்ட அளவுன்னு நான் சொல்லல, கால்க் பே இதே ஃபால்ஸ் பேல இருக்கு, கேப் ஃப்ளாட்ஸ் நிலையத்துத் தண்ணியும் கடைசியா அந்தக் கடல்லதான் சேருது, வேற எடத்துத் தண்ணியும் சேருது, அதனால குளத்துலயும் இந்த மருந்துங்களத் தேடிப் பாக்கறது நியாயம்னுதான் சொல்றேன்.

அப்பறம் வெயில் காலத்துல வர்ற பாட்யூலிசம்ங்கற பறவை நோய். தண்ணி சூடாகி ஆக்சிஜன் கொறஞ்சா சேத்துல இருக்கற ஒரு பாக்டீரியா விஷத்தக் கக்கும், வாத்து கழுத்து தொங்கி, றெக்கை தூக்க முடியாம, தலை தண்ணிக்குள்ள போயே செத்துரும். செத்த வாத்துல ஈ முட்டை போட்டு புழு வரும், அந்தப் புழுவுல விஷம் சேந்து இருக்கும், புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அதத் தின்ன அடுத்த வாத்து சாகும், அதுல மறுபடி புழு. இப்படி ஒரு செத்த வாத்த எடுக்காம விட்டா அது நூறு ஆயிரும். இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம், படகுல தெனம் ஒரு சுத்து போய் செத்தத எடுக்க ஆளும், குளத்துத் தண்ணிய சரியான நேரத்துல ஏத்தி எறக்க ஒரு வால்வும் போதும். அந்த ஆளுக்கு சம்பளம் பட்ஜெட்ல எந்தத் துறையில வருதுங்கறதுலதான் எல்லாம் மாட்டிக்கும், ஏன்னா குளம் தண்ணி இலாகாவோடது, பறவை இயற்கை இலாகாவோடது.

குளத்தோட வடிவத்தப் பத்தியும் சொல்லணும், இன்ஜினியருங்களுக்கும் பறவைக்கும் இதுலதான் இழுபறி. சுத்திகரிப்புக்கு நேர் கரை, ஒரே ஆழம், அடர்த்தியா ஒரே வகை சம்பு இருந்தா கணக்குப் போட சுலபம். பறவைக்கு அது வேலைக்காவாது. பாதி திறந்த தண்ணி பாதி செடின்னு கலந்து கெடந்தாதான் ஈரநிலத்துப் பறவை அதிகம் கூடு கட்டும்னு பல வருஷ ஆராய்ச்சி சொல்லுது, கரை சரிவா எறங்கணும், நரியும் நாயும் போக முடியாத சின்னத் தீவு இருக்கணும். தண்ணி மட்டம் வருஷம் பூரா அசையாம ஒரே மாதிரி இருந்தா நாணலும் சம்பும் உள்ள நடந்து வந்து குளத்த மூடிரும், அப்பறம் உள்ளானுக்கு கால் வைக்க சேறு இருக்காது. ரோண்டஃப்ளேல கரையில வெளிநாட்டுப் புல் மண்டிப் போய் பறவை நிக்க எடமில்லாம ஆனதாலதான் 1981ல நீர்யானைய மறுபடி கொண்டாந்து விட்டாங்க, அது ராத்திரி ஏறி வந்து புல்ல மேயட்டும்னு. அதுங்க இன்னும் அங்க இருக்கு, நகரத்துக்கு நடுவுல. அப்படி யோசிச்ச ஊருக்கு குளத்து வால்வ மாசக் கணக்கு பாத்துத் திறக்கறது பெரிய காரியமா?

செப்டம்பர் அக்டோபர்ல சைபீரியாவுல இருந்து கொசு உள்ளான், கர்லூ சாண்ட்பைப்பர் எல்லாம் இங்க வந்து எறங்கும், ஏப்ரல் வரைக்கும் இருக்கும். இதே இனங்க உங்க கோடியக்கரைக்கும் பள்ளிக்கரணைக்கும் அதே மாசங்கள்ல வருது, வடக்க ஒரே பனிக்காட்டுல பொறந்துட்டு கொஞ்சம் உங்க பக்கம் கொஞ்சம் எங்க பக்கம்னு பிரியுது. அதுங்க வர்ற நேரத்துல நாலஞ்சு குளத்துல தண்ணிய முட்டியளவுக்கும் கீழ எறக்கி சேறு தெரிய விட்டா போதும், மிச்சக் குளம் வாத்துக்கும் பூநாரைக்கும் இருக்கட்டும். முதல்ல அழுக்கு வந்து விழற குளங்கள ஆழமா, செங்குத்துக் கரையா வச்சு பறவைக்குப் புடிக்காத மாதிரி பண்ணிட்டு, நல்லா தெளிஞ்ச கடைசிக் குளங்கள பறவைக்குன்னு செதுக்கலாம். நான் ஒரு அலுவலகத்துக்கு இதெல்லாம் எழுதிப் போட்டேன், கடிதம் வந்து சேந்துச்சுன்னு பதில் வந்துச்சு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அத மறைச்சா நியாயமில்ல. தண்ணிய ரொம்ப சுத்தம் பண்ணிட்டா பறவைக்கு சாப்பாடு கொறையும். மெல்பர்ன்ல வெரிபீன்னு ஒரு எடம், 1890கள்ல இருந்து நகரத்துக் கழிவுநீர் அங்கதான் போகுது, 10,500 ஹெக்டேர், 1982லயே ராம்சார் பட்டியல்ல வந்த பகுதியில இருக்கு. 2000கள் ஆரம்பத்துல கடலுக்குப் போற நைட்ரஜனக் கொறைக்க சுத்திகரிப்ப மாத்தினாங்க, அப்ப பறவைக்கு என்ன ஆகுமோன்னு கூடவே கண்காணிப்பும் வச்சாங்க. கல்கத்தாவுக்குக் கெழக்க 12,500 ஹெக்டேர்ல மீன் வளக்கறவங்க தலைமுறை தலைமுறையா சாக்கடைத் தண்ணிய குளத்துல விட்டு வெயில்ல பழுக்க வச்சு மீனாக்கறாங்க, 2002ல அதுவும் ராம்சார். அப்ப உரமும் வேணும், விஷமும் கூடாது. ஊட்டச்சத்து எவ்வளவு விடலாம், அம்மோனியா எப்ப கொறையணும், உலோகமும் மருந்தும் ஏன் வரவே கூடாதுங்கறத ஒவ்வொரு எடத்துக்கும் தனித்தனியா அளந்துதான் சொல்ல முடியும், "சுத்தம்"னு ஒரே அளவுகோல வச்சு முடியாது.

இது ஏன் இப்ப அவசரம்னா, 2018ல எங்க ஊருல குழாயே நின்னு போற நெலமை வந்துச்சு, டே ஜீரோன்னு உலகம் பூரா பேசினாங்க, உங்க பேப்பர்லயும் வந்திருக்கும். அதுக்கப்புறம் சுத்திகரிச்ச தண்ணிய கடல்ல விடாம திரும்ப உபயோகிக்கணும், நெலத்தடிக்கு அனுப்பணும், குடிக்கவே எடுக்கணும்னு நகரம் திட்டம் போடுது. நான் அத எதிர்க்கல, பக்கெட்டு தூக்கி வரிசையில நின்னவங்க யாரும் எதிர்க்க மாட்டாங்க. ஆனா குளத்துக்குப் போற தண்ணிய அங்க திருப்பினா குளத்துக்கு எவ்வளவு மிச்சம்னு எழுத்துல இருக்கணும். குடிக்க இவ்வளவு, தொழிற்சாலைக்கு இவ்வளவுன்னு போடறப்பவே பறவைக்கும் தேரைக்கும் ஒரு பங்கு போடணும், இல்லைன்னா அடுத்த வறட்சியில மொதல்ல காயறது இந்தக் குளங்கதான்.

நாட்டு நெலமையும் சொல்லிடறேன். அரசாங்கமே நடத்தற கிரீன் டிராப் பரிசோதனை அறிக்கை 2022ல வந்துச்சு, நகராட்சிங்களோட 850 கழிவுநீர் அமைப்புல 334, அதாவது 39 சதவீதம், ஆபத்தான நெலமையில இருக்குன்னு. 2021ல எங்க ஊருலயே சீக்கூஃப்ளே, சாண்ட்ஃப்ளே, ரியட்ஃப்ளேன்னு மூணு ஏரியயும் கழிவுநீர் கலந்ததால ஜனங்க எறங்கக் கூடாதுன்னு மூடினாங்க. பம்பு நின்னா, பைப்பு அடைச்சா, கழிவு நேரா மழைநீர் வாய்க்கால் வழியா ஏரிக்குப் போயிரும், லோட் ஷெட்டிங்னு இங்க சொல்ற மின்வெட்டு உச்சத்துல இருந்த காலத்துல இது அடிக்கடி நடந்துச்சு. குளத்த எவ்வளவு அழகா செதுக்கினாலும் அதுக்கு மேல இருக்கற நிலையம் ஓடலைன்னா ஒண்ணுமில்ல.

பைப்பு அடைக்கறதுல நம்ம பங்கும் இருக்கு, இத நம்ம ஜனங்களுக்குன்னே எழுதறேன். தீபாவளி முடிஞ்சதும் முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய சிங்க்ல ஊத்தறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, அது பைப்புக்குள்ள போய் உறைஞ்சு கல்லாயிரும், வெட் வைப்ஸும் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம். ஆறினதும் ஒரு பாட்டில்ல ஊத்தி மூடி குப்பையில போடுங்க. பெரியவங்க தவறிப்போன வீட்டுல மிச்சம் இருக்கற மாத்திரைய டாய்லெட்ல கொட்டறாங்க, பாவம் வேற என்ன பண்றதுன்னு தெரியாம, அத மருந்துக் கடையில திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவாங்க. குளங்களுக்குப் பக்கத்துல கிராஸி பார்க், பெலிகன் பார்க்ல இருக்கறவங்க நாத்தம் வருதுன்னு புகார் குடுக்கறப்ப செத்த பறவை பாத்தா அதையும் எந்தக் குளம், எந்த தேதின்னு சேத்து எழுதுங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க, கையால தொடாதீங்க.

உங்க கிட்ட நான் கேக்கறது, பள்ளிக்கரணை பத்தி அடுத்த தடவை எழுதறப்ப எத்தன பறவை வந்துச்சுங்கறதோட நிறுத்தாம எத்தன கூடு, எத்தன குஞ்சு பறந்துச்சு, பெருங்குடி குப்பைமேட்டுல இருந்து வடியற தண்ணியில என்ன இருக்கு, அடி சேத்துல என்ன இருக்குன்னு அதிகாரிங்க கிட்ட கேட்டு வாங்கிப் போடுங்க. அந்த வாசகருக்கும் சொல்லுங்க, அவரு பாத்த பூநாரைய நான் சந்தேகப்படல, அது நாளைக்கும் வரணும்னுதான் கேக்கறேன். இங்க வர்ற வாசகர்கள் யாராவது இருந்தா ஸ்ட்ராண்ட்ஃபொன்டெய்ன் குளங்கள கட்டாயம் போய்ப் பாருங்க, அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ள காலையில சீக்கிரம் போங்க, மத்தியானத்துக்கு மேல இந்த ஊர் தென்கெழக்குக் காத்து கண்ணுல மணல அடிக்கும். கார் கண்ணாடிய எறக்கி வச்சுக்கிட்டு மெதுவா ஓட்டுங்க, புள்ளைங்கள தண்ணியில எறங்க விடாதீங்க, பூனைப்பருந்த பாத்தீங்கன்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி,
ரைலண்ட்ஸ், கேப் டவுன், தென்னாப்பிரிக்கா